ஹமாமா கிணற்றில் யாரும் துணை கேட்கவில்லை

ராஸ் ஜுமான்
ஹிஜ்ரி 1374, ரஜப் 10

ஃபித்தா அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. மத்தர் மச்சானிடமும் காட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஸலாம் சொல்வதற்கு முன்பே இதை எழுதுகிறேன், ஏனென்றால் கடிதம் வந்தால் நீ வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி படிப்பவள்.

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் கட்டி வந்து உடைந்தது. குட்டி ஹஸ்னாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

வாப்பா நேற்று திரும்பி வந்தார். ஆங்கிலேயத் துரைக்கு வழிகாட்டியாக இருபத்திரண்டு நாள் மணலில் சுற்றிவிட்டு, உதடெல்லாம் வெடித்து, ஆனால் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். காபி குடித்ததும் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"முஸ்னா, பள்ளிக்கூடத்துல என்னத்தக் கிழிச்சேன்னு பாப்போம். சத்தமாப் படி. உன் உம்மாவும் கேக்கட்டும், புருஷன் பேரு அச்சுல வந்திருக்கு."

படித்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்: 'ஸுவைதி குலத்தைச் சேர்ந்த தாரிஷ் பின் கதீர் ஆகிய நான் சொல்வது. கடற்கரையிலிருந்து ஹமாமா கிணறு வரை துரையை என் ஒருவன் துணையிலேயே அழைத்துச் சென்றேன். கிணற்றில் இரண்டு இரவு தங்கினோம். மிர்தாஸ் குலத்தார் எவரும் தங்கள் ஆளைத் துணையாக வைத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை.'

"கேக்காததப் போய் எதுக்கு எழுதுறாங்க வாப்பா?"

"அட மக்குப் புள்ள. மணல்ல வேலி இருக்கா, சுவர் இருக்கா? யாரு ஆள் கூட நடந்தா உசுரு தப்புமோ, அது அவன் மண்ணு. நம்ம பாட்டன் காலத்துச் சட்டம். ரெண்டு ஷேக்குக்கும் நடுவுல எல்லை போட, துரை அதத்தான் ஒவ்வொரு இடமாக் கேட்டு எழுதுறாரு. கெட்டிக்காரர்."

"அப்ப ஹமாமா யாரு மண்ணு?"

வாப்பா போதும் என்பதற்கு அடையாளமாகக் காபிக் கோப்பையை ஆட்டினார். "தாளு என்ன சொல்லுதோ அதான்."

பிறகு என் பேனா மையில் பெருவிரலைத் தோய்த்துத் தாளில் வைத்தார். உம்மா பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா, ஹமாமா உங்கள் மிர்தாஸ் குலத்துக் கிணறு. மத்தர் மச்சானின் பாட்டன் தோண்டியது. அது நம் ஷேக்கின் பக்கம் போனால், உங்கள் ஆடுகள் தண்ணீர் குடிக்க நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அன்று என்ன நடந்தது? உண்மையிலேயே யாரும் துணை கேட்கவில்லையா?

இதை அரிசி லாரி தூர் முகம்மதுவிடம் கொடுக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் நம்புகிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே.

உன் தங்கை
முஸ்னா


ஹமாமா
ரஜப் 25

என் கண்மணி முஸ்னாவுக்கு,

உனக்கும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். ஹஸ்னாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, இரண்டையும் என் தோளில்தான் சோதித்துப் பார்க்கிறாள். ஒரு நாள் மழை பெய்தது. ஆடுகள் வயிறு நிறையத் தின்கின்றன.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. பெற்ற வாப்பாவைச் சந்தேகப்படுவதற்கா உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

அன்று இங்கே திருவிழாதான். துரையின் ஜீப் மணலில் புதைந்து, எங்கள் ஒட்டகங்களைக் கட்டி இழுத்தோம். துரை கீழே இறங்கி ஒட்டகத்திடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மத்தரின் ராஷித் சித்தப்பா, "அதுக்கு உங்க பாஷை தெரியாது, தள்ளி நில்லுங்க" என்றார். மத்தர் ஆட்டுக்குட்டி அறுத்தார். துரை எங்களைப் போலவே சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது கையால், சிந்தாமல் சாப்பிட்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு குன்றின் பெயர், ஒவ்வொரு மரத்தின் பெயர் கேட்டார். மத்தர் திரையோரம் வந்து என் காதில், "தோள்ல உக்காந்து நன்மை தீமை எழுதுற மலக்கு இவருதானோ?" என்றார். திரைக்குப் பின்னால் நாங்கள் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

யாரும் துணை கேட்கவில்லை. மாமனார் கூட்டி வந்த விருந்தாளியிடம் மருமகன் துணை கேட்பானா? கேட்டால் நாலு பேர் காறித் துப்பமாட்டார்களா? விஷயம் அவ்வளவுதான்.

உம்மாவின் முழங்காலுக்கு எள்ளெண்ணெயைச் சுடவைத்துத் தேய். நீ படிப்பைப் பார்.

அன்புடன்
ஃபித்தா


ராஸ் ஜுமான்
ஷஅபான் 12

அக்காவுக்கு,

ஸலாம். எண்ணெய் தேய்த்தேன். உம்மா எழுந்து நடக்கிறாள், நடந்தால் என்னைத்தான் அடிக்க வருகிறாள், ஆகவே சுகம் என்று வைத்துக்கொள். ஹஸ்னாவின் இரண்டு பல்லுக்கும் என் முத்தம்.

படிப்பைப் பார் என்றாய். பார்த்தேன். நஜ்லா டீச்சர் ஃபலஸ்தீனிலிருந்து வந்தவர் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? ஹமாமா என்று சொல்லாமல், இரண்டு ஷேக்குகளுக்கு நடுவில் ஒரு கிணறு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். "எங்க ஊருக்கும் இப்படித்தான் பென்சிலோட வந்தாங்க. நல்ல மனுஷங்க. டீ குடிச்சாங்க. அப்புறம் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். அறுக்கப் போனவங்களச் சுட்டாங்க." பிறகு எங்களைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

இன்னொன்று கேள். வாப்பா உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஷேக்கும் உங்கள் ஷேக்கும் போன வருடமே ஓர் உடன்படிக்கைக்கு முத்திரை வைத்துவிட்டார்களாம். என்ன உடன்படிக்கை தெரியுமா? 'துரை எங்கே எல்லை போடுகிறாரோ அதை ஏற்றுக்கொள்கிறோம்.' எல்லை எங்கே என்று தெரியாமலே! உம்மா மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு பாலைவனத்தையே செவுள் பார்க்காமல் கொடுத்திருக்கிறார்கள். மண் யாருடையது என்று எழுத்தில் இல்லாவிட்டால் எண்ணெய்க் கம்பெனி துளை போடாதாம், அதனால்தான் அவசரமாம்.

இப்போது எனக்கு ஒரு பதில் சொல். போன வருடம் உன் பிரசவத்துக்கு நானும் உம்மாவும் வந்தபோது என்ன நடந்தது? ராஷித் சித்தப்பா கழுதையை மறித்து, "துணை யாரு? துணை இல்லாம மிர்தாஸ் மண்ணுல ஈ கூட நுழையாது" என்றார். உம்மா, "என் மருமவன்தான்டா துணை, தள்ளு கிழவா" என்று கத்தினாள். ஒரு முழங்கால் வலிக்காரியையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணையும் மறித்தவர், துப்பாக்கியும் ஜீப்புமாக வந்த துரையைச் சும்மா விட்டாரா? நீ எழுதியதில் அவர் ஒட்டகத்தோடு வருகிறார், அதற்குப் பிறகு காணவில்லை.

முஸ்னா


ராஸ் ஜுமான்
ரமளான் 5

அக்கா,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? பால் கொடுப்பவள் நோன்பு பிடிக்கத் தேவையில்லை என்று உம்மா சொல்லச் சொன்னாள்.

இரண்டு முறை லாரி வந்தது, இரண்டு முறையும் தூர் முகம்மது கையை விரித்தார். "அந்தப் புள்ள நல்லாத்தான் இருக்கு. காயிதம் இருக்கான்னு கேட்டேன், ஆட்டைப் பாக்கப் போயிருச்சு" என்றார். ஆட்டைப் பார்க்கப் போனாயா? என் கேள்விக்கு அவ்வளவுதானா மரியாதை?

சரி, நானே செய்தி சொல்கிறேன். ஹமாமாவில் நம் ஷேக் ஒரு காவல் கோபுரம் கட்டப்போகிறார். பத்துக் காவலர்கள். அவர்களுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? நோன்பு திறக்கும்போது வாப்பா சொன்னார்: "என் மவ அங்க இருக்கா, நான் இங்க கெடந்து தவிக்கிறேன். இனிமே தெனமும் பேத்தியத் தூக்கிக் கொஞ்சலாம்." உம்மா ஹரீஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அகப்பையை நிறுத்தாமலே, "பேத்தியக் கொஞ்சப் போறதுக்குப் பத்துத் துப்பாக்கி எதுக்கு?" என்றாள். வாப்பா சிரித்துவிட்டார். அவருக்கு எதையும் சிரித்தே கடந்துவிட முடியும் என்று உனக்குத் தெரியும்.

இன்னும் கோடு முடியவில்லை. துரை சாட்சிகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன். அன்று என்ன நடந்தது?

முஸ்னா


ஹமாமா
ரமளான் 21

முஸ்னாவுக்கு,

ஸலாம். ஹஸ்னாவுக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது இல்லை. நான் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்று பேர் வந்து கிணற்றுக்கு மேற்கே தகர டிரம்களை வைத்து வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். ஆடுகள் அவற்றில் முதுகைத் தேய்க்கின்றன. மத்தர் அவர்களிடம் எதற்கு என்று கேட்டார், தெரியாது என்றார்கள்.

ராஷித் சித்தப்பா அன்று எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பெருநாளைக்கு உனக்கு ஒரு பை நெய் அனுப்புகிறேன்.

ஃபித்தா


ராஸ் ஜுமான்
ஷவ்வால் 3

அக்காவுக்குப் பெருநாள் வாழ்த்து. நெய் கிடைத்தது. ஹஸ்னாவுக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? உம்மா அவளுக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறாள், இதோடு வருகிறது.

எழுந்து நின்றவரை யார் உட்காரவைத்தது?

ஒரு வரியில் எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரிக்குள் ஒரு கிணறே இருக்கிறது. ராஷித் சித்தப்பா தானாக உட்காருகிற ஆளா? மத்தர் மச்சான் சொன்னாரா? வாப்பா சொன்னாரா? பயத்தினாலா? அன்று எழுந்து நின்றார் என்றால் கேட்க நினைத்திருக்கிறார். கேட்க நினைத்தார் என்றால் அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. வாப்பா கைநாட்டு வைத்த தாளில் 'கேட்கவில்லை' என்று மட்டும்தான் இருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்று இல்லை. அதை யாராவது சொல்லாவிட்டால் அந்தத் தாள்தான் சாட்சி.

பெருநாளன்று வாப்பா எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு அவர் கையை முத்தமிட்டேன். அப்போது அந்தப் பெருவிரலைப் பார்த்தேன். உனக்கு என் நிலைமை புரிகிறதா? பகலில் அவருக்குச் சோறு போடுகிறேன், எல்லாரும் படுத்ததும் அவருக்கு எதிராக எழுதுகிறேன். அவர் இருமினால்கூடத் தாளைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

முஸ்னா


ஹமாமா
ஷவ்வால் 20

முஸ்னா,

ஸலாம். சட்டை அளவாக இருக்கிறது. உம்மாவின் கையை என் சார்பில் முத்தமிடு.

நான்தான்.

அன்று காபி வந்ததும் ராஷித் சித்தப்பா எழுந்தார். வழக்கம்போல அவர் குரல்: "தாரிஷ், நீ எங்க வீட்டு மாமன். எங்க தலைக்கு மேல உன் தலை. ஆனா இந்த ஆளு அந்நியன். மிர்தாஸ்ல ஒருத்தனத் துணையா வச்சுக்கச் சொல்லு. அப்புறம் காபி குடிக்கட்டும்." அதில் என்ன தவறு? ஒன்றும் இல்லை. அது வழக்கம். வாப்பாவே அதைத்தான் எதிர்பார்த்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் வாப்பா பேசாமல் தாடியைத் தடவினார். எல்லாருக்கும் முன்னால் அவர் முகம் வாடியதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கத்தினேன்:

"என் வாப்பா தன் மவ வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு துணை வேணுமா? அப்படின்னா நான் இங்க யாரு? வாங்கிட்டு வந்த அடிமையா? துணை கேக்குற ஆம்பள முதல்ல என்னைத் திருப்பி அனுப்பிட்டுக் கேக்கட்டும்!"

பிறகு மத்தர், "உக்காருங்க சித்தப்பா. வீட்டுக்காரி பேசிட்டா" என்றார். ராஷித் உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். துரை எதையோ எழுதினார். வாப்பா திரைப் பக்கம் திரும்பி, "என் சிங்கக்குட்டி" என்றார். ஒரு மாதம் அந்த ஒரு வார்த்தையிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் வாடவில்லை. காத்திருந்தார். தன் மகளை அவருக்குத் தெரியும்.

மத்தருக்குத் தாளைப் பற்றித் தெரியாது. சொன்னால் அவர் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம் எனக்கு இல்லை. அனுப்பமாட்டார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் வாசலுக்கு வருவார். அதுதான் பயம். நான் சாட்சி சொன்னாலோ, வாப்பா துணை உரிமையைத் திருடியவர் ஆகிவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் குலமும் அவரை நம்பி ஓர் ஆளை ஒப்படைக்காது. வழிகாட்டிக்கு வேறு என்ன இருக்கிறது, ஊர் நம்புகிற முகத்தைத் தவிர?

இனி என்னைக் கேட்காதே.

ஃபித்தா


ராஸ் ஜுமான்
துல்கஅதா 4

அக்கா,

ஸலாம். எல்லாரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

கேட்காதே என்றாய். கேட்கவில்லை, சொல்கிறேன். எழுது. நீ கத்தியதை அப்படியே எழுது. 'மிர்தாஸ்காரர்கள் துணை கேட்டார்கள், நான் என் உறவின் பெயரால் தடுத்தேன், எனக்காக விட்டுக்கொடுத்தார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. துரை இந்த மாதக் கடைசியில் கப்பலேறுகிறார். அதற்குள் வர வேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வாப்பாவின் முகம், வாப்பாவின் முகம் என்கிறாய். அதை நீயா விற்றாய், நானா விற்றேன்? அவரே ஒரு கோபுரத்துக்கு விற்றார். உன் குரலைக் கயிறாகக் கட்டிக் கிணற்றில் விட்டு மொண்டிருக்கிறார். நான் பொய் எழுதவில்லை. நீ அவர்மேல் வைத்திருந்த பாசம், மத்தர் மச்சான் உன்மேல் வைத்திருந்த மரியாதை, ராஷித் கிழவன் அந்த மரியாதைக்குக் கொடுத்த மரியாதை, இவ்வளவும் சேர்ந்து கடைசியில் ஒரு அந்நியன் நோட்டில் 'கேட்கவில்லை' என்று ஒரே சொல்லாக விழுந்திருக்கிறது. உனக்குக் கோபமே வரவில்லையா? எனக்கு வருகிற கோபத்தில் சுவரைக் கடிக்கலாம் போல இருக்கிறது.

ஹஸ்னா பெரியவளாகி, ஒரு குடம் தண்ணீருக்குக் காவலர்கள் முன்னால் நிற்கும்போது அவளிடம் என்ன சொல்வாய்? தாத்தாவின் முகம் வாடியது என்றா?

முஸ்னா


ஹமாமா
துல்கஅதா 19

முஸ்னா,

ஸலாம். நாங்கள் சுகம். ஹஸ்னா சுவரைப் பிடித்து நிற்கிறாள்.

மத்தரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். தேவைக்கு மேல் இறைத்துக்கொண்டே இருந்தார், தொட்டி வழிந்து மணலில் ஓடியது. திரும்பி வந்து, "எழுது. ஆனா உன் வாப்பா பேர எழுதாத. அவரு என் வீட்டுல உப்புத் தின்னவரு. உன் பேர மட்டும் எழுது" என்றார். நான் வாதாடினேன். "அவரு மரியாதை கெட்டா நானும் கெடணுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் சொன்னபடியே எழுதி, இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். ராஷித் சித்தப்பாவும் கைநாட்டு வைத்திருக்கிறார். லாரி மூன்று நாள் பிந்தி வந்தது, அல்லாஹ் சீக்கிரம் சேர்க்கட்டும்.

நீ நேரில் போகாதே. டீச்சரிடம் கொடு.

ஃபித்தா


ராஸ் ஜுமான்
துல்கஅதா 24

அக்கா,

ஸலாம். தூர் முகம்மது விடிவதற்குள் கிளம்புகிறார். ஜன்னல் வழியாக இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

நேரில் போனேன். நஜ்லா டீச்சர் கூட வந்தார். துரை கோட்டைக்குப் பக்கத்து வீட்டில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நம்மைவிடச் சுத்தமாக அரபி பேசுகிறார். எங்களை உட்காரச் சொல்லி, பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். உன் தாளை இரண்டு முறை படித்தார்.

"அழகான கையெழுத்து. ஆனா இதுல 'அன்று வந்த விருந்தாளி'ன்னு இருக்கே. எந்த விருந்தாளி? என்னைக்கு? யாரு கூட்டிட்டு வந்தா?"

"உங்களுக்கே தெரியும். நீங்கதானே அங்க உக்காந்திருந்தீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது சாட்சி ஆகாதும்மா. பேரில்லாத தாள வச்சு நான் என்ன பண்றது?"

மத்தர் மச்சான்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. முதல் முறை மரியாதைக்காகக் கேட்காமல் விட்டார்கள். இந்த முறை மரியாதைக்காகப் பெயரை விட்டுவிட்டார்கள். இந்த மனிதரின் நோட்டில் மரியாதைக்கு ஒரு பத்தி கிடையாது என்று எப்போது புரிந்துகொள்வார்கள்?

"தாரிஷ் பின் கதீர்," என்றேன். "என் வாப்பா. கேட்டாங்க. அக்கா தடுத்தா. வாப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கைநாட்டு வச்சாரு."

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தரின் விரல்கள் நின்றுவிட்டன. துரை எழுதினார். பெயரை என்னிடம் சரிபார்த்து எழுதினார்.

"நீ வந்தது உன் வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தைரியமான பொண்ணு."

"இப்பக் கோடு மாறுமா?"

அவர் பேனாவை மூடினார். "கோடு போன செவ்வாய்க்கிழமையே விமானத்துல போயாச்சும்மா. ஹமாமா உங்க ஷேக் பக்கம். நான் என்ன போட்டாலும் ஒத்துக்கிறோம்னு ரெண்டு ஷேக்கும் முன்னாடியே முத்திரை வச்சவங்கதானே."

"அப்ப என் வாப்பா பேர எதுக்குக் கேட்டீங்க?"

அக்கா, அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். நான் ஏன் கத்துகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"எழுதி வைக்கணுமில்ல?" என்றார்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்தார்?

அந்த எழுத்தர் தினமும் சந்தையில் உட்காருகிறவர். சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை வாப்பாவின் துணையில் உள்நாட்டுக்குப் போக இருந்த வியாபாரி வாசலுக்கு வந்து, "தாரிஷுக்குச் சிரமம் வேணாம், வேற துணை கெடச்சிருச்சு" என்று உம்மாவிடம் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு இன்னொருவர் வந்தார், அதே வார்த்தை. மூன்றாவது ஆள் வந்தபோது உம்மா கதவைத் திறக்கவில்லை. "என்னடி பண்ணித் தொலச்ச?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். என்னைச் சாமான் அறைக்குள் தள்ளி, "உள்ள தாழ்ப்பாள் போடு. நான் சொன்னாலும் தெறக்காத" என்றாள்.

வாப்பா காலையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

இப்போது கவனமாகக் கேள். கோபுரம் கட்டக் கல்லும் சுண்ணாம்புமாக ஆட்கள் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். வாப்பாதான் முன்னால் வருவார். மத்தர் மச்சானிடம் சொல், துப்பாக்கியை எடுக்க வேண்டாம், அதைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். கிணற்றடியில் ஆணும் பெண்ணுமாக எல்லாரும் நின்று துணை கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், கல் சுமக்கிறவனிடமும் கேளுங்கள். நீ திரைக்குப் பின்னால் நிற்காதே, முன்னால் நில். கோடு எங்கேயோ விமானத்தில் போகட்டும். கேட்டார்கள் என்று பார்த்தவர்கள் சொல்லட்டும். பத்து வருடம் கழித்து இன்னொரு துரை இன்னொரு நோட்டோடு வருவார். அவரிடம் 'கேட்கவில்லை' என்று எவனும் சொல்லக்கூடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். இன்று மதியம்கூட வாப்பாவுக்குப் பிடித்த பெரிய மீன் துண்டை எடுத்து மூடி வைத்தேன். பெயரைச் சொல்லிவிட்டு வந்த அதே கையால். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்க முடியாது, உன்னிடம் கேட்கிறேன். நீ

வாசலில் ஆள் வந்திருக்கிறது. உம்மா பேசுகிறாள். "அவ தூங்கிட்டா. காலைல பேசிக்கலாம்." வாப்பாதான். சத்தம் போட்டால்கூடப் பரவாயில்லை. செருப்பைக் கழற்றுகிறார். இந்தப் பக்கம் வருகிறார். தூர் முகம்மது இன்னும் வரவில்லை, தாளை ஜன்னல் கம்பிக்குள் செருகி வைக்கிறேன். அக்கா, சனிக்கிழமை மறக்காதே, எல்லாரும் கிணற்றடியில் நில்லுங்கள், ராஷித் சித்தப்பாவை முதலில் பேச விடு, அவர் பேசி முடிக்கும் வரை நீ ஒரு வார்த்தையும்

கதவைத் தட்டு